பனிக்காலப் பின்வளவும் பறவைக் கணக்கும்

 

பத்தாண்டு நிறைவை முன்னிட்டு ஓர் உரை நிகழ்த்துமாறு இலக்கிய வட்டத்தின் செயலாளர் என்னைக் கேட்டபொழுது, கவிதை குறித்துப் பேசுவதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் இவ்வவையில் பலர் இருக்கின்றனர் என்று கூறினேன். "உமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும், அது கவிதையாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை" என்றார் அவர். எனக்கு நன்றாகத் தெரிந்தது என்று துணிந்து சொல்லக்கூடியது ஒன்றுதான் உண்டு. ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறை யன்னலுக்கு வெளியே, பின்வளவில் ஒரு பறவைத் தீனித்தட்டுத் தொங்குகிறது. ஆண்டுதோறும் நவம்பர் தொடக்கம் ஏப்பிரல் முடியும்வரை அதனை நாடி வரும் காட்டுப் பறவைகளை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். இன்றைய உரை அந்த எண்ணிக்கையைப் பற்றியது. கவிஞர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்களாயின், உரையின் முடிவில் அதற்கு விடை கூற முயல்வேன்.

பறவைக்கு உணவிடுதல் நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த வீட்டில், புரட்டாதிச் சனிக்கிழமைகளில் என் தாயார் வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் வைத்துக் கிணற்றடியில் நின்று காகத்தை அழைப்பார். காகம் வந்து உண்ட பின்னரே எங்களுக்குச் சாப்பாடு. பசி பொறுக்காத நாங்கள் கூரையையும் வேப்பமரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்போம். இவ்வழக்கத்தின் வேர் மிக ஆழமானது. விருந்தினர் வரவைக் கரைந்து அறிவித்த காக்கைக்கு எத்துணைச் சோறு படைத்தாலும் தகும் என்னும் கருத்தமைந்த பாட்டொன்று குறுந்தொகையில் 210 ஆம் பாடலாக உள்ளது. அதனைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். தாம் பாடிய பறவையையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட புலவர் அவர்.

ஆயினும் ஒன்று. எத்தனை காகம் வந்தன என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தாயார் சினந்திருப்பார். கொடுத்ததையும் உண்டவரையும் எண்ணுவது பண்பன்று என்பதே நாம் வளர்ந்த முறைமை. ஆகவே, இந்நாட்டுக்கு வந்து சில ஆண்டுகளின் பின், பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் தமது யன்னலோரத்தில் அமர்ந்து, பறவைகளுக்குத் தீனி போட்டுவிட்டு அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டபோது எனக்கு அது சிறிது கஞ்சத்தனமாகவே தோன்றியது. விதைக்குச் செலவிட்ட காசுக்குக் கணக்குப் பார்க்கிறாரோ என்றுகூட ஐயுற்றேன். அந்த ஐயம் தவறு என்று உணர எனக்கு ஒரு பனிக்காலம் முழுவதும் தேவைப்பட்டது.

அம்மூதாட்டி செய்துகொண்டிருந்தது தனியொருவரின் பொழுதுபோக்கு அன்று. 1976 ஆம் ஆண்டில், ஈரி ஏரியின் வடகரையிலுள்ள லோங் பொயின்ற் பறவை ஆய்வு நிலையத்தினர், எரிக்கா டன் என்னும் பறவையியலாளரின் முயற்சியால், ஒன்ராறியோ மாகாணத்து வீட்டு வளவுகளுக்குப் பனிக்காலத்தில் வரும் பறவைகளைக் கணக்கெடுக்கும் திட்டமொன்றைத் தொடங்கினர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீட்டார் அதில் சேர்ந்தனர். பத்தாண்டுகள் இங்ஙனம் நடந்தபின், ஐக்கிய அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வுகூடத்துடன் இணைந்து, 1987-88 பனிக்காலத்தில் இது கண்டம் முழுவதற்குமாக விரிவாக்கப்பட்டது. 'புரொஜெக்ற் ஃபீடர்வோச்' என்னும் பெயரில் இன்றும் நடைபெறுகின்றது. ஆராய்ச்சியாளர் சிலர் கண்டம் முழுவதும் அலைந்து திரிந்து சேர்க்க முடியாத தரவினை, ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் தத்தம் யன்னலருகே அமர்ந்து சேர்த்துக் கொடுக்கின்றனர். ஓய்வுபெற்றோர், நோயுற்று வீட்டில் இருப்போர், பாடசாலைப் பிள்ளைகள் எனப் பலதிறத்தார் இதில் உளர்.

இதற்கும் முந்தியதொரு வரலாறு உண்டு. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் நத்தார் நாளன்று ஆண்கள் இரு அணியாகப் பிரிந்து துப்பாக்கியுடன் புறப்பட்டு, எந்த அணி மிகுதியான உயிர்களைச் சுட்டு வீழ்த்துகிறது என்று போட்டியிடுவது வழக்கமாக இருந்தது. 1900 ஆம் ஆண்டு நத்தார் நாளில், பறவையியலாளர் பிராங்க் சப்மன் என்பார் அதற்கு மாற்றாக ஒரு வழியை முன்வைத்தார். சுடுவதற்குப் பதிலாக எண்ணுங்கள் என்பதே அவரது வேண்டுகோள். அவ்வாண்டு 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். அந்த 25 இடங்களுள் ரொறன்ரோவும் ஒன்று. எண்ணிக்கை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வீழ்த்தியவற்றை எண்ணிய மனிதன் வாழ்பவற்றை எண்ணத் தொடங்கினான் என்பதே வேறுபாடு. அவ்வேறுபாடு சிறியதன்று என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

இனி, எங்கள் பின்வளவுக்கு வருவோர் யாவர் என்று சொல்ல வேண்டும். தை மாதத்து வைகறையில், வெளிச்சம் நன்றாகப் பரவுமுன்னரே முதலில் வருவது கார்டினல். ஆண் பறவை முழுச் சிவப்பு, தலையில் கொண்டை, முகத்தில் கறுப்பு. மாலையில் மற்றவையெல்லாம் அடங்கிய பிறகு கடைசியாக வந்து போவதும் பெரும்பாலும் அதுவே. வடக்கேயுள்ள ஊசியிலைக் காடுகளில் கூடுகட்டி, பனிக்காலத்தைக் கழிக்க எங்களிடம் இறங்கி வருவது ஜங்கோ. மேலே சாம்பல் நிறம், வயிறு வெண்மை. அது தட்டில் ஏறுவது குறைவு. மற்றப் பறவைகள் சிந்தியதை நிலத்தில் பொறுக்கும். 'பனிப்பறவை' என்று இந்நாட்டார் அதனை அழைப்பதுண்டு. நமக்குப் பனிநாடாக இருக்கும் இவ்வூர் அப்பறவைக்குத் தென்திசை! முதன்முறை இதனை அறிந்தபோது நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்நாட்டு மரங்கொத்திகளில் மிகச் சிறியதான டவுணி, ஆரவாரத்தோடு வரும் நீலச் சிறகுடைய புளூ ஜே, சிந்திய தானியத்தை மெல்ல நடந்து உண்ணும் துயர்ப்புறா, பனிக்காலத்தில் மங்கிய பழுப்பாக இருந்து ஏப்பிரலில் மஞ்சளாக மாறும் கோல்ட்பிஞ்ச் ஆகியனவும் வருவன.

கோல்ட்பிஞ்சுக்கு விருப்பமான உணவு ஒரு மெல்லிய கறுப்பு விதை. நமது நாட்டார் அதனைப் பேயெள்ளு என்பர். எதியோப்பியாவிலும் இந்தியாவிலும் விளைந்து கப்பலில் இங்கே வருகிறது. இறக்குமதியாகும் விதை இம்மண்ணில் முளைத்துக் களையாகப் பரவிவிடாதிருக்க, அதனைச் சூடேற்றி முளைக்கும் ஆற்றலை நீக்கிய பின்னரே சந்தைக்கு விடுகின்றனர். உணவாகலாம், முளைத்தலாகாது. இதற்கு மேல் இதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. கவிஞர்கள் இருக்கும் அவை இது.

இவையனைத்திலும் என் உள்ளத்துக்கு மிக நெருங்கியது கருந்தலைச் சிக்கடீ. தன் குரலையே தன் பெயராகக் கொண்டது. அதன் நிறை ஏறத்தாழ 11 கிராம். இரண்டு மூன்று நாணயங்களின் நிறை. வெளியே கடுங்குளிரில் ஏரிக் காற்று வீசும் இரவில் இந்தச் சிற்றுயிர் எங்ஙனம் பிழைக்கிறது என்பது வியப்புக்குரியது. இரவில் அது தன் உடல் வெப்பத்தைப் பத்துப் பாகையளவு தானே தாழ்த்திக்கொள்கிறது. சேமித்த கொழுப்பு விடியுமட்டும் எரிந்து போதுமாறு அங்ஙனம் செய்கிறது. பகலிலோ ஓயாது உழைக்கிறது. தட்டிலிருந்து ஒரே ஒரு சூரியகாந்தி விதையை எடுத்துக்கொண்டு பறந்துபோய், மரப்பட்டையின் இடுக்கில் ஒளித்துவைத்துவிட்டு மீண்டும் வரும். இங்ஙனம் ஒளித்துவைத்த இடங்களைப் பல நாள்கள் கழித்தும் நினைவிற் கொண்டு தேடி எடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

சிக்கடீயின் இந்த வழக்கமே எண்ணுவோனுக்குப் பெருஞ் சிக்கல். காலையில் ஒரு மணி நேரத்தில் முப்பது முறை சிக்கடீ வந்து போகும். வந்தவை முப்பது பறவைகளா? அல்லது நான்கு பறவைகள் மாறி மாறி வந்தனவா? யன்னலருகே இருப்பவனால் சொல்ல இயலாது. இதற்காகவே அத்திட்டத்தினர் ஒரு விதி வகுத்துள்ளனர். அடுத்தடுத்து வரும் இரண்டு நாள்களை எண்ணும் நாள்களாகக் கொள்ள வேண்டும். அவ்விரு நாள்களிலும், ஓர் இனத்தில் ஒரே நேரத்தில் கண்ணுக்குப் புலப்பட்ட மிகக் கூடிய தொகை எதுவோ அதனை மட்டுமே எழுத வேண்டும். காலையில் மூன்று, நண்பகலில் ஐந்து, மாலையில் நான்கு என்றால், எழுத வேண்டியது ஐந்து. கூட்டிப் பன்னிரண்டு என்று எழுதலாகாது.

தொடக்கத்தில் இவ்விதி எனக்குப் பிடிக்கவில்லை. என் வளவுக்கு உண்மையில் வந்த பறவைகள் ஐந்தினும் மிகுதி என்பது எனக்குத் தெரியும். காலில் வளையமிட்டு ஆராய்ந்தோரும், ஒரே நேரத்தில் கண்ணிற்படுவதைவிட மிகுதியான சிக்கடீகள் ஒரு தட்டுக்கு வந்து போகின்றன என்று கண்டுள்ளனர். அங்ஙனமாயின் குறைந்த எண்ணை எழுதுவது ஏன் என்று மூதாட்டியிடம் கேட்டேன். "நீங்கள் ஊகித்தது உங்களுடையது. நீங்கள் கண்டதே மற்றவர்களுக்கும் பயன்படும்" என்றார். எல்லாரும் ஒரே விதிப்படி குறைத்து எழுதினால், ஓர் ஆண்டை மற்றோர் ஆண்டோடும், ஸ்காபரோவை வான்கூவரோடும் ஒப்பிடலாம். ஒவ்வொருவரும் தத்தம் மனம்போல் கூட்டி எழுதினால் எதனோடும் எதனையும் ஒப்பிட இயலாது. அந்த ஐந்து, உண்மையான முழுத்தொகை என்று உரிமை கோரவில்லை; கண்ணால் கண்டது இவ்வளவு என்று மட்டுமே சொல்கிறது.

வேறு சில விதிகளும் உள. வளவின் மேலாகப் பறந்து போகும் பறவை எத்துணை அழகியதாயினும் கணக்கிற் சேராது. உணவையோ, நீரையோ, செடியையோ நாடி இறங்கியவை மட்டுமே சேரும். ஆயின் அப்பறவைகளை வேட்டையாட வரும் வல்லூறு சேரும். அதுவும் அத்தட்டின் பொருட்டே வந்தது. எண்ணும் நாள்களை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். இன்று நல்ல கூட்டம் வந்திருக்கிறது, இதையே எண்ணும் நாளாக்கிக்கொள்வோம் என்று எண்ணலாகாது. நான் சனியும் ஞாயிறும் என்று வைத்துக்கொண்டேன். இறுதியாக, ஒரு பறவையும் வராவிட்டால் அதனையும் எழுதி அனுப்ப வேண்டும்.

இந்த இறுதி விதியே எனக்குக் கடினமாயிற்று. ஒரு மாசி மாதம். சனிக்கிழமை காலையிலிருந்து மாலைவரை தட்டில் ஒன்றும் இல்லை. ஞாயிறும் அவ்வாறே. வெள்ளிக்கிழமை ஜங்கோக்கள் நிறைந்து இருந்தன. திங்கட்கிழமையும் வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒருநாள் தள்ளி எண்ணினால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்று உள்ளம் சொல்லிற்று. வெறும் பூச்சியத்தை எழுதுவது ஏதோ என் வளவுக்கு நேர்ந்த அவமதிப்பு எனத் தோன்றியது. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்திருப்பேன். பிறகு பூச்சியம் என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான், மேப்பிள் மரத்தின் தண்டோடு தண்டாக அசையாமல் இருந்த ஒரு கூப்பர் வல்லூற்றைக் கண்டேன். இரண்டு நாளாக அது அங்கே இருந்திருக்க வேண்டும். பூச்சியத்தை அழித்து, வல்லூறு ஒன்று என்று திருத்தினேன். நாள் மாற்றி எழுதியிருந்தால், அதனை நான் கண்டிருக்கவே மாட்டேன்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பறவையின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். ஈவினிங் குரோஸ்பீக் என்பது தடித்த அலகும், மஞ்சளும் கறுப்பும் வெண்மையும் கலந்த உடலும் கொண்ட பறவை. ஒரு காலத்தில் பனிக்காலங்களில் பெருங்கூட்டமாக இறங்கித் தட்டிலுள்ள விதையனைத்தையும் ஒரு பொழுதில் தீர்த்துவிடும். மூதாட்டியின் பழைய ஏடுகளில், அவற்றின் பெருந்தீனி குறித்த முறைப்பாடுகள் உள. பின்னர் அவை குறைந்தன. ஒவ்வொரு வீட்டாரும், இவ்வாண்டு இங்கே வரவில்லை, வேறெங்கோ போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டனர். அது நாடோடிப் பறவையாதலால் அங்ஙனம் நினைப்பது இயல்பே. ஆனால் எல்லா வீட்டாருடைய ஏடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் உண்மை தெரிந்தது. 1988 தொடக்கம் 2006 வரை, இப்பறவை வந்ததாக அறிவித்த இடங்களின் தொகை பாதியாகக் குறைந்திருந்தது. வந்த இடங்களிலும் கூட்டத்தின் அளவு 27 விழுக்காடு சுருங்கியிருந்தது. அது வேறெங்கும் போகவில்லை, அருகிவந்தது. 2016 இல் கனடாவில் அழிவாபத்து நிலையை மதிப்பிடும் குழு, இதனைத் தனிக் கவனத்துக்குரிய இனமாக வகைப்படுத்தியது.

இதனைக் கண்டறிய உதவியவற்றுள் முதன்மையானவை அந்தப் பூச்சியங்களே. வராத பறவையை வரவில்லை என்று ஆயிரம் பேர் நேர்மையாக எழுதியிராவிட்டால், அதன் மறைவு எவருக்கும் தெரிந்திராது. 2019 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, 1970 இலிருந்து வட அமெரிக்கக் கண்டம் தன் பறவைத்தொகையில் ஏறத்தாழ 300 கோடியை இழந்துவிட்டது என்று காட்டியது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அவற்றுட் பெரும்பகுதி அரிய பறவைகள் அல்ல. ஜங்கோ போன்று, என்றும் இருக்கும் என்று நாம் எண்ணியிருந்த சாதாரணப் பறவைகளே. அந்த ஆய்வும், பல பத்தாண்டுகளாகத் தன்னார்வலர் எண்ணி எழுதிவைத்த கணக்குகளைப் பெரிதும் நம்பியே செய்யப்பட்டது.

எண்ணப்படாத இழப்பு எத்துணை எளிதாக மறுக்கப்படும் என்பதை இவ்வவையில் இருப்போருக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. மறைந்தோர் எத்தனை பேர் என்று கேட்கும்போது ஆளுக்கொரு தொகை கூறப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். பறவையையும் மனிதரையும் நான் ஒப்பிடவில்லை. எண்ணுதல் இரக்கமற்ற செயல் என்று ஒருகாலத்தில் நினைத்திருந்த என் கருத்து, இந்த வழியாகவே மாறிற்று என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனால் எண்ணுவதிலும் ஒரு பாவம் உண்டு. அதனையும் மறைக்காமல் கூறிவிட வேண்டும். 2003 ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் எங்கள் வளவுக்கு ஹவுஸ் பிஞ்ச் என்னும் செம்மார்புடைய சிறு பறவைகள் மிகுதியாக வந்தன. இப்பறவையும் கிழக்கே வந்தேறியதே. கலிபோர்னியாவில் பிடித்துக் கூட்டிலடைத்து விற்றவர்கள், அவ்வாணிகம் சட்டவிரோதம் என்று அறிந்ததும் 1940 இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் திறந்துவிட, அங்கிருந்து பெருகிப் பரவியது. 1994 இல் அவற்றிடையே ஒரு கண்நோய் வொஷிங்டன் நகரை அடுத்த பகுதிகளில் முதன்முதலாகக் காணப்பட்டது. கோழிகளைப் பீடிக்கும் ஒரு நுண்ணுயிரே அதற்குக் காரணம். கண்ணிமை வீங்கிச் சீழ்பிடித்துப் பார்வை கெட்டு, இரை தேட முடியாமல் பறவை இறக்கும். தீனிக்குழலின் துளைகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை நுழைத்து உண்ணும்போது தொற்று எளிதாகப் பரவும்.

அவ்வாண்டு ஒரு சனிக்கிழமை காலை, ஒரே நேரத்தில் பதினான்கு ஹவுஸ் பிஞ்சுகள் எங்கள் வளவில் இருந்தன. என் ஏட்டில் அதுவரை எழுதப்பட்டதில் அதுவே மிகப் பெரிய தொகை. அவற்றுள் ஒன்று மற்றவை பறந்தபோதும் பறவாமல், தீனிக்குழலின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. அதன் வலக்கண் மூடியிருந்தது. அந்நோயைப் பற்றி நான் படித்திருந்தேன். அப்பொழுதே குழலை இறக்கியிருக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை மிச்சமிருந்தது. பதினான்கு பதினாறு ஆகக்கூடும் என்ற ஆசையும் இருந்தது. திங்கள் மாலையே இறக்கினேன். செவ்வாய்க்கிழமை பனியின்மேல் இரண்டு பறவைகள் கிடந்தன. என் தாமதத்தினாலேயே அவை இறந்தன என்று உறுதியாகச் சொல்ல இயலாது. இல்லை என்றும் சொல்ல இயலாது. பதினான்கு என்ற அந்த எண் இன்றும் என் ஏட்டில் இருக்கிறது. பிழையான எண் அன்று. ஆயினும் அந்தப் பக்கத்தை நான் எவருக்கும் காட்டுவதில்லை. அன்றிலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு வெளுப்புநீர் கலந்து குழலைக் கழுவி, நன்றாகக் காயவைத்தே தொங்கவிடுகிறேன். நோயுற்ற பறவை ஒன்றைக் கண்டால் அன்றே இறக்கிவிடுகிறேன். எண்ணிக்கை நின்று போவதாயின் போகட்டும்.

இறுதியாக ஒரு பறவை. கார்டினலும் சிக்கடீயும் நமக்குப் புதியன. ஆனால் எங்கள் வேலியோரப் புதரில் இருபது முப்பதாகக் கூடி இரைச்சலிடும் பழுப்புநிறக் குருவியை முதன்முதலிற் கண்டபோது என் மனைவி, "இது எங்கட அடைக்கலங்குருவியல்லோ!" என்றார். நான் மறுத்தேன். பின்னர் நூலைப் பார்த்தபோது அவர் சொன்னதே சரி. ஊரில் நாம் வீட்டுத் தாழ்வாரத்தில் மண்முட்டி கட்டித் தொங்கவிட்டுக் கூடுகட்ட இடங்கொடுத்த அதே இனந்தான். 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து நியூயோர்க்கின் புரூக்ளினில் விடப்பட்டு, அங்கிருந்து கண்டம் முழுவதும் பரவிற்று. இந்நாட்டுப் பறவையார்வலர் பலருக்கு அதனைப் பிடிக்காது. உள்ளூர்ப் பறவைகளின் கூட்டிடங்களைப் பறித்துக்கொள்கிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டில் உண்மையும் உண்டு. ஆயினும் இங்கும் அதன் தொகை குறைந்துகொண்டே வருகிறது. அடைக்கலம் என்னும் சொல்லைத் தன் பெயரிற் கொண்ட அக்குருவிக்கு இடம் கொடுப்பதா, விரட்டுவதா என்று நான் தீர்மானிக்கவில்லை. எண்ணுகிறேன். ஏனைய பறவைகளை எழுதும் அதே மையில் அதன் தொகையையும் எழுதுகிறேன்.

கவிஞர்களே, உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். குறிஞ்சி முதலாகப் பாலை ஈறாகிய ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் புள்ளும் ஒன்று என நம் முன்னோர் இலக்கணம் செய்தனர். பனியும் பனி சார்ந்த நிலமும் ஆறாந் திணை என்று புலம்பெயர்ந்த நம்மவர் பெருமையோடு கூறி வருகின்றனர். நானும் அதனை ஏற்கிறேன். ஆனால் அத்திணைக்குரிய புள் எது? வட்டத்தின் கூட்டங்களில் பத்தாண்டுகளாக நான் கேட்ட கவிதைகளில் பனி உண்டு, இலையுதிர்ந்த மரம் உண்டு, தனிமை உண்டு. பறவையும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் பெயரற்ற 'ஒரு பறவை'. அல்லது ஊரிலிருந்து நினைவில் வந்த குயில், செம்பகம். அவை நம்முடையவை, அவற்றைப் பாடுவதில் குற்றமில்லை. ஆயினும், யன்னலுக்கு வெளியே 11 கிராம் உடலோடு இரவைக் கடந்து வந்து நிற்கும் உயிருக்கு நம் கவிதையில் ஒரு பெயர்கூட இல்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. காகத்தைப் பாடிக் காகத்தின் பெயரையே பெற்ற புலவர் தம் முற்றத்தில் இருந்ததையே பாடினார்.

கவிதை எழுதச் சொல்லித்தர நான் வரவில்லை. ஆனால் பறவை எண்ணுவோனுக்கு விதிக்கப்பட்டவை கவிஞருக்கும் ஓரளவு பொருந்தும் என்று கருதுகிறேன். மேலே பறந்து போனதைத் தன் முற்றத்துக்கு வந்ததாக எழுதாதிருத்தல். ஐந்தைக் கண்டு பன்னிரண்டு என்று எழுதாதிருத்தல். நல்ல நாளை மட்டும் தேர்ந்தெடுக்காதிருத்தல். ஒன்றும் வராத நாளையும் எழுதுதல். இவை எளியன போலத் தோன்றும். கைக்கொண்டு பார்த்தால் கடினம் தெரியும்.

எனக்கு எண்ணக் கற்பித்த மூதாட்டி இன்று இல்லை. அவரது மகன் வீட்டை விற்குமுன், பல ஆண்டு ஏடுகளை ஒரு பெட்டியில் வைத்து என்னிடம் தந்தார். இறுதி ஏட்டின் இறுதிப் பக்கத்தில் சிக்கடீ 2, ஜங்கோ 6, குரோஸ்பீக் 0 என்று நடுங்கிய கையெழுத்தில் இருக்கிறது. வராது என்று தெரிந்த பறவைக்கும் அவர் ஒரு வரி ஒதுக்கி வைத்திருந்தார். என் ஏட்டிலும் அவ்வரியை இப்போது ஒதுக்கியிருக்கிறேன். அதில் பூச்சியத்தைத் தவிர வேறோர் எண்ணை எழுதும் நாள் வருமா என்று அறியேன். வந்தால், அடுத்த கூட்டத்தில் முதலில் உங்களுக்கே அறிவிப்பேன்.